வீட்டில் கோழி வளர்க்க: இனம் தேர்வதிலிருந்து முட்டை எடுப்பது வரை

கோழி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாகக் குஞ்சுகளை வாங்கிவிடுகிறார்கள். அட்டைப்பெட்டிக்குள் அவை கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்த பிறகுதான் கூட்டை எங்கே வைப்பது, என்ன தீவனம் போடுவது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதித் தொல்லை குறைந்துவிடும். முதலில் நோக்கம், அடுத்து இடம், பிறகு இனம், அப்புறம் கூடு, கடைசியில்தான் கோழி. கீழே சொல்லியிருப்பதும் அந்த வரிசையில்தான்.

படி 1: எதற்காக வளர்க்கிறீர்கள்?

முட்டைக்கா, கறிக்கா, இரண்டுக்குமா, சும்மா ஆசைக்கா? இதற்குப் பதில் தெரியாமல் இனத்தைப் பற்றிப் பேசுவது வீண். முட்டைக்கென்று உருவான இனம் தின்கிற தீவனத்தையெல்லாம் முட்டையாக மாற்றிவிடும். உடம்பில் சதையே பிடிக்காது. கறிக்கென்று உருவான பிராய்லர் ஆறு வாரத்தில் 2 கிலோவைத் தொட்டுவிடும். அதற்கு மேல் வைத்திருந்தால் காலும் இதயமும் அந்த எடையைத் தாங்காமல் தடுமாறும். முற்றத்தில் ஓடியாடித் திரிய அது ஏற்ற பறவை இல்லை. வீட்டு வளர்ப்புக்கு நடுத்தர உடம்பு கொண்ட, இரண்டுக்கும் உதவுகிற இனங்கள்தான் பொதுவாகப் பொருந்தும்.

பலருக்கும் ஒரு சந்தேகம்: சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுமா? இடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் தேவை. முதல் முறையாக வளர்ப்பவர் சேவல் இல்லாமலே தொடங்குவது நல்லது. விடியும் முன்பே கூவும், பெட்டைகளின் முதுகு இறகை உதிர்த்துவிடும், சில சேவல்கள் வளர்ப்பவரையே பாய்ந்து குத்தும். அப்படியும் வேண்டுமென்றால் 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை மூன்றுக்குக் கீழே போகாதீர்கள். கோழி கூட்டத்தில் வாழ்கிற பறவை. ஒற்றையாக விட்டால் தீனி குறையும், சோர்ந்துபோகும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு நான்கைந்து பெட்டைகள் தாராளம்.

படி 2: இடத்தையும் வெயிலையும் அளந்து பாருங்கள்

இரவில் அடையும் கூட்டுக்குள் ஒரு கோழிக்கு 3 முதல் 4 சதுர அடி, பகலில் நடமாடும் வேலிக்குள் ஒரு கோழிக்கு குறைந்தது 10 சதுர அடி. ஐந்து கோழி என்றால் கூடு 20, வேலி 50 சதுர அடி. இதற்குக் கீழே போனால் ஒன்றையொன்று கொத்திக்கொள்வதும், தரை எப்போதும் ஈரமாகக் கிடப்பதும், அதன் வழியே நோய் வருவதும் ஏறக்குறைய நிச்சயம். இடம் கம்மியென்றால் கோழியைக் குறையுங்கள், கணக்கைக் குறைக்காதீர்கள்.

அடுத்தது தட்பவெப்பம். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்தும், கொண்டை, தாடி வழியாகவும்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. அதனால் பெரிய கொண்டையும் மெலிந்த உடம்பும் கொண்ட இனங்கள் வெயிலைத் தாங்கும். கடுங்குளிரில் அதே பெரிய கொண்டை உறைந்து கருகிவிடும். அங்கே சின்னக் கொண்டையும் அடர்ந்த இறகும் உள்ள கனத்த இனங்கள் பிழைக்கும். படத்தில் அழகாகத் தெரிகிறது என்று குளிர்நாட்டுக் கோழியை வெயிலில் கொண்டுவந்து விட்டால் கோடை முழுவதும் அதைக் காப்பாற்றுவதே வேலையாகிப்போகும்.

உங்கள் பகுதியில் கோழி வளர்க்கத் தடை இருக்கிறதா, சேவலுக்குத் தனி விதி இருக்கிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

படி 3: இனத்தைத் தேர்ந்தெடுப்பது

விளம்பரங்களில் சொல்லப்படும் முட்டைக் கணக்கைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். அந்த எண்ணிக்கை சரியான தீவனமும் வெளிச்சமும் கிடைத்த முதல் ஆண்டுக்கானது. வீட்டில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

முட்டை மட்டும்தான் குறி என்றால் வெள்ளை லெகார்ன். இத்தாலியில் தோன்றிய இனம். பெட்டை 2 கிலோவைத் தாண்டுவது அபூர்வம், ஆண்டுக்கு 280 வரை வெள்ளை முட்டை இடும். கொஞ்சமாகத் தின்னும், வெயில் தாங்கும். ஆனால் சுபாவம் கொஞ்சம் படபடப்பு. நிழல் ஆடினாலே பறந்து வேலிமேல் உட்காரும். குழந்தைகள் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கு இது ஒத்துவராது. அடைக்கும் பெரும்பாலும் உட்காராது.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ரெட்தான் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது. பழுப்பு முட்டை, ஆண்டுக்கு 200 முதல் 250. உடம்பும் இரண்டரை, மூன்று கிலோ வரும். தீவனம், இடம், வானிலை எதிலும் அதிகம் முரண்டு பிடிக்காது. கறுப்பு வெள்ளைக் கோடுபோட்ட பிளைமவுத் ராக் இதற்கு நெருங்கிய மாற்று. குணத்தில் இன்னும் சாது. கறுப்பு ஆர்பிங்டனிலிருந்து ஆஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்ட ஆஸ்ட்ரலார்ப் கறுப்பாகவும் பச்சை மினுமினுப்போடும் இருக்கும். இந்த இனத்துப் பெட்டை ஒன்று 365 நாளில் 364 முட்டை இட்டதாகப் பதிவு உண்டு. உங்கள் வீட்டில் 250 கிடைத்தாலே நல்ல கோழி. கறுப்பு இறகு வெயிலை உறிஞ்சுவதால் அதற்கு நிழல் கட்டாயம்.

ஆர்பிங்டன், பிரம்மா, கொச்சின் மூன்றும் குளிர்ப்பகுதிக்கானவை. புசுபுசுவென்று பெரிதாக இருக்கும், சாதுவாகப் பழகும், முட்டை குறைவு. பிரம்மாவுக்கும் கொச்சினுக்கும் கால்விரல் வரை இறகு இருப்பதால் சேறு ஒட்டிக்கொண்டே இருக்கும். மழை அதிகமுள்ள இடத்தில் அதைக் கழுவித் துடைப்பதே தனி வேலை.

வெயில் பகுதியில் கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக்கழுத்துக் கோழியை யாரும் கண்டுகொள்வதில்லை. பார்க்க அழகில்லை என்பது உண்மை. ஆனால் உடம்பு முழுக்கவே இறகு குறைவு என்பதால் சூட்டை நன்றாகத் தாங்கும், நோய்க்கும் சட்டென்று விழாது.

அசீல் சண்டைக் குணமுள்ள இனம். கறி கெட்டி, முட்டை மிகக் குறைவு. அடைகாப்பதிலும் குஞ்சைக் காப்பதிலும் ஆள் கெட்டிக்காரி. மற்ற இனங்களோடு சேர்த்து அடைத்தால் ரத்தம் பார்க்காமல் விடாது. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்த கடக்நாத்துக்குத் தோல், கறி, எலும்பு வரை கறுப்பு; 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆண்டுக்கு நூறு முட்டைக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். முட்டையும் கறுப்பாக இருக்கும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். முட்டை சாதாரண வெளிர்பழுப்புதான். சில்கிக்கும் தோல் கறுப்பு, காலில் ஐந்து விரல், இறகு பஞ்சுபோல. நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், பறக்கவும் வராது. குழந்தைகளுக்கு இதைவிடச் சாதுவான கோழி கிடைப்பது கடினம்; எந்த முட்டையை வைத்தாலும் உட்கார்ந்து பொரித்துக் கொடுக்கும்.

கலப்பின முட்டைக்கோழிகள் முதல் ஆண்டில் முன்னூறை நெருங்கும். ஆனால் அவற்றை வைத்துக் குஞ்சு பொரித்தால் தாயைப்போல இருக்காது. இரண்டு ஆண்டுக்கு மேல் முட்டை சரியும், கருப்பைக் கோளாறுகளும் அதிகம். நாட்டுக்கோழிகள் இதற்கு நேர்மாறு: முட்டை குறைவு, முதல் முட்டைக்கே ஆறு மாதம் ஆகலாம், ஆனால் மேய்ந்தே வயிற்றைப் பாதி நிரப்பிக்கொள்ளும், பருந்தைக் கண்டால் குரல் கொடுத்துவிட்டுப் புதருக்குள் மறையும். மேய்ச்சலுக்கு விட இடம் இருப்பவர் நாட்டுக்கோழியை விட்டு வேறெதையும் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

காதுமடலைப் பார்த்தால் முட்டை நிறத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். மடல் வெள்ளை என்றால் வெள்ளை முட்டை, சிவப்பென்றால் பழுப்பு. விதிவிலக்குகள் உண்டு. நிறத்துக்கும் சத்துக்கும் சம்பந்தமில்லை. சத்து அது தின்னும் தீனியில் இருக்கிறது.

படி 4: கூடு

கோழிக்கு ஆபத்து பகலிலும் உண்டு, இரவில் இன்னும் அதிகம். நாய், பூனை, கீரி, மரநாய், பாம்பு, எலி என்று வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகும். அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். நாய் அதைப் பல்லால் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் கொண்ட, வெல்டிங் செய்த கெட்டிக் கம்பிவலையைப் போடுங்கள். வலையைத் தரையோடு நிறுத்தாமல் ஓரடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்து மண்ணில் புதைத்துவிட்டால் சுவரோரமாகத் தோண்டுகிற விலங்கு அதில் மோதித் திரும்பிவிடும். சும்மா சாய்த்துவைக்கும் கதவு வேண்டாம். தாழ்ப்பாளோடு ஒரு கொக்கியும் போடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது காற்றோட்டத்தில். குளிருமே என்று கூட்டை நாலாபுறமும் மூடிவிடுவார்கள். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் மூச்சின் ஈரமும் உள்ளேயே தங்கி, கண் வீக்கமும் சளியும் வரும். கோழி உட்காரும் உயரத்துக்கு மேலே, கூரைக்குக் கீழே இருபுறமும் வலையடித்த திறப்பு விடுங்கள். காற்று தலைக்கு மேலே போக வேண்டும், உடம்பில் அடிக்கக் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டுமா? காலையில் கதவைத் திறந்ததும் குனிந்து கோழியின் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுபோங்கள். மூக்கு எரிந்தால் தரையில் போட்டதை மாற்ற வேண்டும்.

அடைந்து உட்கார ஒரு கோழிக்கு 25 சென்டிமீட்டர் கம்பு, 5 சென்டிமீட்டர் அகலம், ஓரம் மழுங்கலாக. கனத்த இனங்களுக்கு உயரம் இரண்டடிக்குள் இருக்கட்டும். மேலிருந்து குதித்துக் குதித்து உள்ளங்காலில் புண் வரும். முட்டையிட ஓரடிக்கு ஓரடிப் பெட்டி, நான்கு கோழிக்கு ஒன்று, கொஞ்சம் இருட்டாக. அது கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குள்ளேயே தூங்கி எச்சமாக்கிவிடும். மூன்று பெட்டி வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும் என்பது வேறு கதை.

தரையில் நான்கைந்து அங்குலத்துக்கு உமி, மரச்சீவல், கடலைத்தோல் என்று கிடைப்பதைப் போடுங்கள். வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, ஈரமான இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புதிதாகத் தூவினால் போதும். வேலிக்குள் ஒரு மூலையில் காய்ந்த மண்ணும் சாம்பலும் கலந்த குழி வேண்டும். கோழி அதில் பக்கவாட்டில் படுத்து, ஒரு காலால் மண்ணை இறகுக்குள் தள்ளி, கண்ணை மூடிக் கிடக்கும். புதிதாகப் பார்ப்பவர் செத்துவிட்டது என்றே பயந்துபோவார். அதுதான் அதன் குளியல். பேனும் செள்ளும் அதில்தான் உதிரும்.

படி 5: வாங்கும்போது

புதியவர்கள் 16 முதல் 18 வாரமான விடைக்கோழிகளை வாங்குவது உத்தமம். விலை கூடினாலும் குஞ்சுப்பருவத்தின் இழப்பு இல்லை, ஆணா பெண்ணா என்ற குழப்பமும் இல்லை.

கையில் எடுத்துப் பாருங்கள். கண் பளிச்சென்று, மூக்கு ஈரமில்லாமல் இருக்க வேண்டும். நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தினால் வேண்டாம். காலின் செதில் வழவழப்பாக இருக்கிறதா, தூக்கிக்கொண்டு எழும்பி நிற்கிறதா என்று கவனியுங்கள். நிற்கிறதென்றால் செதில் பூச்சி. பின்புறத்தில் ஆசனவாய்க்குக் கீழே இறகை விலக்கினால் பேன் இருப்பதும், இறகின் அடியில் அதன் முட்டைக் கொத்து ஒட்டியிருப்பதும் தெரியும். கடைசியாக அதன் முதுகைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். மூச்சில் கரகரப்பு இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே கோழி இருக்கும் வீடு என்றால் புதியதை ஒரு மாதம் தனியாக வைத்திருந்து, பிறகு ஒரு வாரம் வலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்க்கவிட்டு, அப்புறம் சேருங்கள். சேர்த்ததும் கொத்தல் நடக்கும். யார் பெரியவர் என்ற வரிசை முடிவாகும் வரை அது ஓயாது. ரத்தம் வராதவரை தலையிட வேண்டாம். வந்தால் உடனே பிரியுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றவையும் சேர்ந்துகொள்ளும்.

படி 6: குஞ்சிலிருந்தே தொடங்குவதென்றால்

முதல் வாரம் குஞ்சின் உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்துக்கொண்டே வந்து, இறகு மூடியதும் நிறுத்திவிடலாம். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே தெளிவாகச் சொல்லும். பல்புக்குக் கீழே குவிந்து கத்தினால் குளிர். சுவரோரமாக ஒதுங்கி வாயைத் திறந்திருந்தால் சூடு. ஒரே பக்கமாக ஒடுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாக மேய்ந்தால் சரி. பல்பைச் சங்கிலியில் கெட்டியாகத் தொங்கவிடுங்கள், உமியில் விழுந்தால் தீப்பிடிக்கும்.

வந்ததும் முதலில் தண்ணீர், பிறகு தீனி. அலகை லேசாகத் தண்ணீரில் தொட்டுவிட்டால் கற்றுக்கொள்ளும். தட்டில் கூழாங்கல் போட்டு ஆழத்தைக் குறையுங்கள். வழுக்கும் காகிதத்தை விரித்தால் கால் அகன்று நடக்க முடியாமல் போகும். பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து மெதுவாக எடுங்கள்.

படி 7: தீவனமும் தண்ணீரும்

எட்டு வாரம் வரை 20 சதவீதப் புரதமுள்ள குஞ்சுத்தீவனம், அதன்பின் முட்டைப் பருவம் வரை 16 சதவீத அளவில் வளர்பருவத் தீவனம், முட்டையிடத் தொடங்கியதும் 16 முதல் 18 சதவீதப் புரதமும் ஏறக்குறைய 4 சதவீதச் சுண்ணாம்புச்சத்தும் உள்ள முட்டைத்தீவனம். மிச்சமிருக்கிறதே என்று முட்டைத்தீவனத்தைக் குஞ்சுக்குப் போடாதீர்கள். அந்தச் சுண்ணாம்பு அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

வளர்ந்த கோழி நாளுக்கு 110 முதல் 120 கிராம் தின்னும், கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். வெயிலில் தண்ணீர் இரட்டிப்பாகும். சில மணி நேரம் தண்ணீர் இல்லாமல் போனாலே முட்டை விழும். சோளத்தை மட்டும் அள்ளிப் போட்டால் கொழுப்பு கட்டி முட்டை நின்றுவிடும். சமையலறை மிச்சமும் கீரையும் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் வையுங்கள், வேண்டியது தானே எடுத்துக்கொள்ளும். கோழிக்குப் பல் இல்லை என்பதால், அடைபட்டு இருக்கும் கோழிக்குச் சின்னக் கல்லும் மணலும் வேண்டும். பூஞ்சை பிடித்த தீவனம், வேகாத உலர்ந்த பயறு, பச்சையான உருளைக்கிழங்குத் தோல், அவகாடோவின் தோலும் கொட்டையும், சாக்லேட், உப்பு மிகுந்தவை எதுவும் கூடாது.

மாலையில் ஒன்றிரண்டைப் பிடித்து நெஞ்சின் வலப்பக்க இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள், உருண்டையாக நிறைந்திருக்கும். மறுநாள் காலை, தீனி போடும் முன் அது காலியாக இருக்க வேண்டும். அப்போதும் கெட்டியாகவோ, புளித்த வாடையோடு கொழகொழவென்றோ இருந்தால் உள்ளே அடைப்பு.

படி 8: நோய்

கோழி தன் நோயை மறைக்கும். கூட்டத்தில் பலவீனம் தெரிந்தால் கொத்து விழும் என்பதால் முடிந்தவரை நிமிர்ந்தே நிற்கும். தலையைத் தோளுக்குள் இழுத்து, இறகைச் சிலுப்பி ஒதுங்கி நிற்கிறதென்றால் நோய் முற்றத் தொடங்கிவிட்டது. அதனால் தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். எது கடைசியில் வருகிறது, எது தீனியை நோக்கி ஓடவில்லை, அதுதான் கவனிக்க வேண்டிய கோழி.

கூட்டத்தையே அழிப்பது ராணிகெட் என்கிற வெள்ளைக்கழிச்சல். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், மூச்சு திணறும், கழுத்து திருகிக்கொள்ளும். வந்தபின் மருந்தில்லை; தடுப்பூசிதான் ஒரே வழி. முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு, நான்காவது வாரத்தில் மறுபடி, எட்டாவது வாரத்தில் ஊசி என்பது பரவலாக உள்ள முறை. அம்மைக்கும், குஞ்சுகளின் நோய் எதிர்ப்பைக் குலைக்கும் கம்போரோ நோய்க்கும் தனித்தனித் தடுப்பூசிகள் உண்டு. உங்கள் பகுதிக்கான அட்டவணையைக் கால்நடை மருத்துவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். குடிநீரில் கலந்து கொடுக்கும்போது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது, மருந்து செத்துவிடும்.

மூன்றிலிருந்து ஆறு வாரக் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வரும். காரணம் ஈரமான தரையில் பெருகும் ஒட்டுண்ணி. சிவப்பைப் பார்த்த அன்றே மருந்து தொடங்கினால் காப்பாற்றலாம். ஆனால் வளர்ந்த கோழி நாளுக்கு இரண்டு மூன்று முறை பழுப்பாக, கொழகொழவென்று, சகிக்க முடியாத வாடையோடு இடும் எச்சத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது முனை மூடிய குருட்டுக்குடலிலிருந்து வருவது, இயல்பானது. சிவப்புச் செள் பகலில் கம்பின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் ரத்தம் குடிக்கும். இருட்டியபின் கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்தால் சிவப்புக் கறை காட்டிக்கொடுத்துவிடும்.

பல கோழிகள் ஒரேயடியாகச் செத்தால் தொடாதீர்கள், விற்காதீர்கள். கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், பறவைக்காய்ச்சலாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டையைத் தவிர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கோழியைத் தொட்டபின் கைகழுவுவது குழந்தைகளுக்குப் பழக்கமாகட்டும்.

படி 9: முட்டை

கொண்டை சிவந்து, நீங்கள் கிட்டே போனதும் குந்திக்கொண்டால் முட்டைக்கு நாள் நெருங்கிவிட்டது. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம், அதில் 20 மணி நேரம் ஓட்டுக்கே போகும். அதனால்தான் நாளுக்கு நாள் நேரம் தள்ளிப்போய் நடுவில் ஒருநாள் இடாமல் விடும். தொடர்ந்து இட 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் தேவை. ஆண்டுக்கொருமுறை இறகு உதிர்க்கும்போது இரண்டு மூன்று மாதம் முட்டை நிற்கும். புரதத்தைக் கூட்டுங்கள், வேறு வைத்தியம் வேண்டாம்.

முட்டையைக் கழுவாமல் எடுத்துவையுங்கள். ஓட்டின்மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய படலம் கிருமியைத் தடுக்கிறது. அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

பெட்டியை விட்டு எழாமல், கைநீட்டினால் உப்பிக் கொத்தினால் அடைக்கு வந்துவிட்டது. குஞ்சு வேண்டுமென்றால் கருக்கூடிய முட்டைகளை வையுங்கள், 21 நாள். ஏழாம் நாள் இருட்டில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்துக் கூமுட்டையைக் கழித்துவிடலாம். குஞ்சு வேண்டாமென்றால் அடியில் வலையுள்ள கூண்டில், தீனி தண்ணீரோடு மூன்று நான்கு நாள் வைத்தால் வயிற்றுச் சூடு இறங்கி அடை தெளியும்.

படி 10: முட்டை நின்ற பிறகு

நல்ல முட்டைக்காலம் இரண்டு மூன்று ஆண்டு. கோழியின் ஆயுளோ ஆறு முதல் எட்டு ஆண்டு, சில அதற்கு மேலும். மிச்ச ஆண்டுகளுக்கு வைத்துச் சோறுபோடுவீர்களா, அறுப்பீர்களா, கொடுத்துவிடுவீர்களா? குழந்தைகள் பெயர் வைப்பதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். வைத்திருப்பதென்றால் ஆண்டுக்கு இரண்டு இளங்கோழிகளைச் சேர்த்துக்கொண்டே போங்கள், முட்டை முழுவதுமாக நிற்காது. அந்த இரண்டுக்குமான இடத்தையும் கூடு கட்டும்போதே சேர்த்து அளந்துவிடுங்கள்.